நாற்பதாம் பக்கத்தில் நின்ற நாவல்

கேள்வி: நான்கு வருடங்களாகச் சிறுகதைகள் எழுதிவருகிறேன். முதல் நாவலைத் தொடங்கி நாற்பது பக்கம் போனேன். அதோடு நின்றுவிட்டது. ஏழு மாதமாகத் தினமும் இரவு ஒன்பது மணிக்கு உட்கார்கிறேன், பதினொன்றுக்கு எழுந்துவிடுகிறேன். ஒரு வரி எழுதினால் இரண்டு வரி அழிக்கிறேன். இப்போது சிறுகதைகூட வரவில்லை. இதிலிருந்து எப்படி வெளியே வருவது? அல்லது என்னிடம் இருந்த சரக்கே அவ்வளவுதானா?

பதில்:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஏழு மாதமாக உங்களை அரித்துக்கொண்டிருப்பது அதுதான் என்று தோன்றுகிறது. சரக்கு தீர்ந்துபோனவர் ஒரு வரி எழுதி இரண்டு வரி அழிக்கமாட்டார். அவரிடம் அழிப்பதற்கே எதுவும் இருக்காது. உட்காரவேண்டும் என்றும் தோன்றாது. உங்களுக்கு வரிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வந்த வரி சரியில்லை என்று உள்ளே ஏதோ சொல்கிறது, அழிக்கிறீர்கள். அந்தக் குரலை எப்படியாவது வாயடைக்கவேண்டும் என்றுதான் பலரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சில சமயம் அது சரி. உங்கள் விஷயத்தில், அது என்ன சொல்ல வருகிறது என்று முதலில் கேட்டுப்பார்க்கச் சொல்வேன்.

இருபது ஆண்டுகளாகப் பிறருடைய கைப்பிரதிகளைச் செம்மைப்படுத்தும் வேலையில் இருக்கிறேன். நானும் எழுதுகிறேன். ஒருமுறை பதினொரு மாதம் எதுவும் எழுதமுடியாமல் இருந்திருக்கிறேன். இத்தனை காலத்தில் நான் பார்த்த தடைகளில் பாதிக்கு மேல், எழுதுகிறவர் நின்றுபோன பக்கத்தில் உண்டானவை அல்ல. அதற்கு மூன்று பக்கமோ முப்பது பக்கமோ முன்பே அவர் எதையோ அவசரப்பட்டு முடிவு செய்திருப்பார். அப்போது அது உறுத்தியிருக்காது. கதை அதைச் சுமந்துகொண்டே கொஞ்ச தூரம் நடந்து, பிறகு ஓரிடத்தில் உட்கார்ந்துவிடும். அவரோ உட்கார்ந்த இடத்தில்தான் கோளாறு என்று நினைத்து, அந்த ஒரு பக்கத்தை மாதக்கணக்கில் அடித்துத் திருத்திக்கொண்டிருப்பார்.

ஓர் உதாரணம் சொன்னால் தெளிவாகும். என்னிடம் வந்த ஒரு நாவலில் பத்து வருடம் பேசாமலிருந்த அண்ணனும் தம்பியும் ஒன்பதாம் அத்தியாயத்தில் சந்திக்கவேண்டும். எழுதியவர் அந்தச் சந்திப்பைப் பதினாறு முறை எழுதிப் பார்த்திருந்தார். உரையாடல் உயிரில்லாமல் கிடந்தது. தனக்கு உரையாடல் எழுத வராது என்ற முடிவுக்கே வந்துவிட்டார். நான் முதலிலிருந்து படித்தபோது நான்காம் அத்தியாயத்தில் ஒரு கடிதம் இருந்தது. அண்ணன் எழுதியது. அழகான கடிதம், படிப்பவர் கண் கலங்கும். அதில் அவன் தம்பியை முழுதாக மன்னித்திருந்தான். அதற்குப் பிறகு அந்த இருவருக்கும் பேச என்ன மிச்சம்? சண்டை தீர்ந்துவிட்ட விஷயம் எழுதியவருக்குத் தெரியவில்லை, பாத்திரங்களுக்குத் தெரிந்திருந்தது. கடிதத்தை எடுத்துவிடச் சொன்னேன். ஒரு வாரம் தயங்கினார், அந்த அத்தியாயத்திலேயே நல்ல பக்கம் அதுதான் என்பதால். எடுத்த பிறகு சந்திப்பு நான்கு நாளில் எழுதப்பட்டுவிட்டது.

இப்படி எழுத முடியாமல் போவதற்கு ‘ரைட்டர்ஸ் பிளாக்’ என்று பெயர் வைத்தவர் எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர், 1947-ல். வேரை எழுத்தாளரின் குழந்தைப்பருவத்தில் தேடினார் அவர். பெயர்தான் புதிது, துன்பம் பழையது. கவிஞர் கோலரிட்ஜ் 1804-ல் தன் பிறந்தநாளன்று, ஒரு வருடம் முழுதும் போய்விட்டது, ஒரு மாதத்து விளைச்சல்கூட இல்லையே என்று குறிப்பேட்டில் எழுதி வருந்தியிருக்கிறார். ஒரே பெயர் இருப்பதால் இது ஒரே நோய் என்று நினைத்துவிடுகிறோம். அதனால்தான் ஒருவருக்குப் பலித்த மருந்து இன்னொருவருக்குப் பலிப்பதில்லை.

சொற்கள் இல்லாமல் போவதுதான் தடை என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். அமெரிக்க நாவலாசிரியர் ரால்ஃப் எல்லிசனின் முதல் நாவல் 1952-ல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. 1994-ல் அவர் இறக்கும்வரை இரண்டாவது நாவல் வெளிவரவே இல்லை. நாற்பது வருடம் எழுதாமலா இருந்தார்? அவர் விட்டுப்போன கைப்பிரதி இரண்டாயிரம் பக்கங்களுக்கும் மேல். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அத்தனை பக்கம் எழுதத் தெரிந்தவரிடம் போய்ச் சும்மா தினமும் எழுதுங்கள், வந்துவிடும் என்று யார் சொல்வது?

உங்களைப் போலவே வரிக்கு வரி அழிக்கிறவர்களை மைக் ரோஸ் என்ற ஆய்வாளர் 1980-ல் கவனித்து எழுதினார். கலிஃபோர்னியாவில் பத்துக் கல்லூரி மாணவர்கள். ஐந்து பேர் எழுத முடியாமல் திணறுகிறவர்கள், ஐந்து பேர் சரளமாக எழுதுகிறவர்கள். திறமையில் பெரிய வித்தியாசம் இல்லை. திணறுகிறவர்களிடம் வளைந்துகொடுக்காத விதிகள் இருந்தன. ஒரு மாணவி ஒவ்வொரு வாக்கியமும் முதல் தடவையிலேயே இலக்கணப் பிழையில்லாமல் வந்தாகவேண்டும் என்று வைத்திருந்தார். இன்னொருவருக்கு முதல் பத்தியே வாசகரைக் கட்டிப்போடவேண்டும். அது அமையும்வரை இரண்டாம் பத்திக்குப் போகமாட்டார். மற்றொருவர் நாட்கணக்கில் திட்டம் போட்டு, திட்டம் சிக்கலாகிச் சிக்கலாகி எழுத நேரமே இல்லாமல் போய்விடும். சரளமாக எழுதியவர்களிடமும் விதிகள் இருந்தன. அவர்கள் விதியைக் கைத்தடிபோல வைத்திருந்தார்கள், உதவாதபோது கீழே போட்டுவிட்டு நடந்தார்கள்.

ஒரு தாளை எடுத்து, நல்ல எழுத்து என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று நீங்கள் நம்புவதையெல்லாம் வரிசையாக எழுதிப்பாருங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை, கூச்சப்படாமல் எழுதுங்கள். நாவல் என்றால் முதல் வரி அதிரவேண்டும். ஒரே சொல் ஒரு பக்கத்தில் இருமுறை வரக்கூடாது. பெரிய விஷயம் ஒன்றைப் பேசவேண்டும். இப்படி ஏழெட்டாவது வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இதை எனக்கு யார் சொன்னது என்று குறியுங்கள். பள்ளியில் ஒருவர், விமர்சனத்தில் ஒருவர், நண்பர் ஒருவர் என்று பெயர்கள் வரும். என் பதினொரு மாதத்துக்குக் காரணமும் இப்படி ஒரு வரிதான். ஒரு கதைக்குக் கிடைத்த பாராட்டு அது. ‘உங்கள் மௌனங்கள் அற்புதம்’ என்று ஒருவர் மனதாரச் சொன்னார். அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு பத்தியிலும் மௌனம் எங்கே வருகிறது என்று நான் தேட ஆரம்பித்துவிட்டேன். இகழ்ச்சியால் நின்றவர்களைவிடப் பாராட்டால் நின்றவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இகழ்ச்சிக்குக் கோபமாவது வரும், அந்தக் கோபத்திலேயே எழுதிவிடலாம்.

தமிழில் எழுதுகிற நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். நாம் நினைப்பது பேச்சுத் தமிழில், எழுதுவது எழுத்துத் தமிழில். இரண்டுக்கும் நடுவே ஒரு வாசல். கையில் பேனா எடுத்ததும் அந்த வாசலில் ஒரு காவலாளி வந்து நின்றுகொள்கிறார். ‘அவ வாசல்லயே நின்னா. யாரும் உள்ள கூப்பிடல’ என்று மனதில் ஓடிய வாக்கியம், தாளில் இறங்கும்போது ‘அவள் வாயிலருகே நெடுநேரம் காத்து நின்றவண்ணம் இருந்தாள், எவரும் அவளை உள்ளே வருமாறு அழைக்கவில்லை’ என்று ஆகிவிடுகிறது. முதல் வாக்கியத்தில் ஒரு பெண் நிற்கிறாள். இரண்டாவதில் சொற்கள்தான் நிற்கின்றன. உங்கள் உள்குரல் அதை அழிக்கச் சொன்னால் அது தவறே இல்லை. வேதனை என்னவென்றால், அழித்துவிட்டு இன்னும் கனமான சொல்லைத் தேடுகிறோம். அது இன்னும் மோசமாகிறது.

‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்ற பழைய வரியைப் பயிற்சியின் பெருமைக்காகவே எல்லோரும் சொல்கிறார்கள். அதில் தமிழுக்குக் கை என்று சொல்லவில்லை, நாக்கு என்றுதான் இருக்கிறது. எழுத வராதபோது பேசிப்பாருங்கள். போனில் குரல்பதிவை ஓடவிட்டு, அடுத்த காட்சியில் என்ன நடக்கிறது என்று நெருங்கிய ஒருவரிடம் சொல்வதுபோலச் சொல்லுங்கள். எனக்கு அது என் அக்கா. அவளிடம் கதை சொன்னால் மூன்றாவது நிமிடத்தில் ‘சரி, அப்புறம் என்னாச்சு, அதச் சொல்லு’ என்பாள். அவளை நினைத்துக்கொண்டு பேசினால் வர்ணனை தானாகவே உதிர்ந்துவிடும். பிறகு பதிவைக் கேட்டு, பேசியதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து நடைக்கு மாற்றுவது வேறு நாள் வேலை. குரலைத் தட்டச்சாக மாற்றும் வசதி இப்போது தமிழுக்கும் இருக்கிறது, பிழைகளோடு வந்தாலும் பரவாயில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு நீங்களே எழுதும்போது, எந்த இடத்தில் உங்கள் குரல் தடுமாறியது என்பதும் தெரியவரும். அந்தத் தடுமாற்றம் மிகவும் பயனுள்ள தகவல்.

வாயால் சொல்லி எழுதவைப்பது குறுக்குவழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி 1865-ல் பதிப்பாளர் ஒருவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டார். 1866 நவம்பர் முதல் தேதிக்குள் புதிய நாவல் ஒன்றைக் கொடுக்காவிட்டால் அவருடைய எழுத்துகள்மீது பல ஆண்டு உரிமை அந்தப் பதிப்பாளருக்குப் போய்விடும். அக்டோபர் மாதம் அன்னா என்ற இளம் சுருக்கெழுத்தாளரை அமர்த்திக்கொண்டு, இருபத்தாறு நாளில் ‘சூதாடி’யைச் சொல்லி முடித்தார். மறுவருடம் இருவரும் மணந்துகொண்டார்கள். எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மனநிலை கூடி வரட்டும் என்று காத்திருக்கலாமா என்று பலர் கேட்பார்கள். ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1983-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. எழுதத் திணறிய 27 கல்வியாளர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழு அவசரத் தேவை தவிர எதையும் எழுதக்கூடாது. அடுத்த குழு தோன்றும்போது எழுதலாம். மூன்றாவது குழு தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் குறித்த நாளில் எழுதியே ஆகவேண்டும். மூன்றாவது குழு அதிகப் பக்கம் எழுதியதில் வியப்பில்லை. புதிய யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தன. ஏறத்தாழ நாளுக்கு ஒன்று. தோன்றும்போது எழுதியவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று, எழுதாமல் இருந்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று. யோசனை வந்த பிறகுதான் எழுத்து என்று நாம் நினைக்கிறோம். பல சமயம் எழுத்துதான் யோசனையை இழுத்துக்கொண்டு வருகிறது.

ஆனால் நீங்கள் தினமும் உட்கார்கிறீர்களே, பிறகு ஏன் வரவில்லை? இரண்டு மணிநேரம் அழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எழுதுவதில் சேராது. ஏழு மாதத்தில் அந்த நாற்காலிக்கும் அந்த ஒன்பது மணிக்கும் தோல்வியின் வாடை ஏறியிருக்கும். நேரத்தை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள், இருபது நிமிடமாகக் குறையுங்கள். இருபதாவது நிமிடம் எழுந்துவிடவேண்டும், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. நன்றாக ஓடும்போது எழுவதுதான் முக்கியம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய வேலையை நிறுத்திக்கொள்வது ஹெமிங்வேயின் வழக்கம். மறுநாள் வெறுமையில் தொடங்கவேண்டிய அவசியம் இருக்காது. நான் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவேன். மறுநாள் காலை அந்தப் பாதி வாக்கியம் நமக்காகக் காத்திருக்கும், அதை முடிப்பதற்குத் துணிச்சல் எதுவும் தேவைப்படாது.

எப்படியும் கை ஓடவில்லை என்றால், முந்தைய நாள் எழுதிய கடைசிப் பக்கத்தைக் கையால் அப்படியே நகலெடுங்கள். நகலெடுக்கும்போது மனம் தீர்ப்புச் சொல்ல முடியாத வேகத்தில் கை போகும். மூன்றாம் பத்தியில் ஒரு சொல் தானாக மாறும். அது போதும். நடப்பதும் உதவும். 2014-ல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த சோதனைகளில் உட்கார்ந்திருந்தவர்களைவிட நடந்தவர்களுக்குப் புதிய யோசனைகள் கூடுதலாக வந்தன, வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தபோதும்கூட. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு நடங்கள்.

கட்டுரையோ ஆய்வேடோ எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தடைக்குக் காரணம் பெரும்பாலும் விஷயம் போதாமைதான். சொல்ல வந்ததை மூன்று வாக்கியத்தில் ஒருவரிடம் வாயால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இன்னும் படிக்கவேண்டும். முடிந்தும் எழுதவில்லை என்றால் படிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடக்கூடாது. எழுத்து மட்டும் நின்றிருக்கிறதா, அல்லது பிடித்த வேறு காரியங்களும் நின்றுபோய்விட்டனவா? தூக்கம், பசி, நண்பர்களோடு பேசும் ஆசை இவையும் குறைந்திருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். எழுத்துப் பயிற்சியால் தீரும் விஷயமல்ல அது, மருத்துவரைப் பாருங்கள். அதேபோல, நெருங்கிய ஒருவரை இழந்த துக்கத்திலோ கைக்குழந்தையோடோ நோயாளியைப் பார்த்துக்கொண்டோ இருக்கும் காலத்தில் எழுத்து வராமல் இருந்தால் அதைத் தடை என்று அழைத்து உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். கைகள் வேறு வேலையில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

இனி உங்கள் நாற்பது பக்கம். திரையில் படிக்காமல் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் சத்தமாகப் படியுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும், ஆனால் ஒரு எழுத்தையும் திருத்தக்கூடாது. படிக்கும்போது எங்கே உங்கள் குரல் வேகமெடுக்கிறதோ, எங்கே கண் வரிகளைத் தாண்டிப்போகிறதோ அங்கே ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போடுங்கள். நாமே எழுதியதைத் தாண்டிப்போக விரும்புகிறோம் என்றால் அங்கே நமக்கே நம்பிக்கை இல்லை என்று பொருள். முதல் கோடு விழுந்த பக்கத்துக்கு வந்து, அங்கே என்ன முடிவெடுத்தீர்கள் என்று யோசியுங்கள். கதை சொல்லும் ஆளை மாற்றினீர்களா? போட்டுவைத்த திட்டத்தில் இருக்கிறது என்பதற்காக ஒருவரை ஊரைவிட்டு அனுப்பினீர்களா? கடைசியில் தெரியவேண்டிய உண்மையை முன்கூட்டியே உடைத்துவிட்டீர்களா? சிறுகதை எழுதிப் பழகியவர்களிடம் இந்தக் கடைசித் தவறை நிறையப் பார்க்கிறேன். சிறுகதையில் பத்தாம் பக்கத்துக்குள் முடிச்சை அவிழ்த்தாகவேண்டும், கை அதற்குப் பழகியிருக்கும். அதே கை நாவலிலும் பத்தாம் பக்கத்தில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடும். பிறகு முப்பது பக்கம் வேகத்திலேயே உருண்டு, நாற்பதில் நிற்கும். உங்களுக்கு நடந்ததும் இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அந்த இடம் கிடைத்துவிட்டால், அதற்குப் பிந்தைய பக்கங்களை அழிக்காமல் வேறு கோப்பில் போட்டுவையுங்கள். கோடு விழுந்த பக்கத்திலிருந்து, வேறு முடிவோடு, வாயால் சொல்லிப்பார்த்து, நாளுக்கு இருபது நிமிடம். சிறுகதையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நாவல் அசைந்ததும் அது தானே வரும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஏழு மாதமாக அழித்த வரிகளில் ஏதாவது மிச்சமிருந்தால் அவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அறையை, ஒரே மனிதரை, ஒரே பேச்சைத் திரும்பத் திரும்ப எழுதி அழித்திருந்தால், அது யார் என்று எனக்கு எழுதுங்கள். நாற்பது பக்கத்தையும் சேர்த்து அனுப்பினால் படித்துவிட்டுப் பேசலாம்.